எண் பொருத்தம்

மோதெனாவில், சான்றளிப்புக் கூடத்தின் இரண்டாம் லிஃப்டில்
அவளுடைய கார் தலைக்கு மேலே தொங்குகிறது.
அறுபத்தாறாம் வருடத்து வண்டி. வெளிர் சாம்பல்.
அடிவயிற்றில் மாந்தோவாவின் களிமண்
காய்ந்து, விரல் பட்டால் உதிர்கிற மாதிரி.

என் வேலை எளிது.
கைவிளக்கு, பூதக்கண்ணாடி, பெயின்ட் தடிமன் அளக்க ஒரு கருவி.
சேஸிஸ் எண்ணை வாசிப்பேன், எஞ்சின் எண்ணை வாசிப்பேன்,
பதிவேட்டை விரித்துப் பொருத்தம் பார்ப்பேன்.
கல்யாணத் தரகன் செய்வதுதான்.
என்ன, இங்கே
ஐம்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்திவிட்டு
அதற்கப்புறம் ஜாதகத்தோடு வருகிறார்கள்.

இவோன்னே ஸகாத்தி. பேக்கரிகளுக்கு மாவு விற்பவள்.
விவாகரத்தில் வீடு அவனுக்கு, கார் இவளுக்கு.
ஜெனீவாவில் ஒருவர் வாங்கத் தயார்:
சான்றிதழ் இருந்தால் ஒரு விலை,
இல்லாவிட்டால் "பார்க்கலாம்."

கியர்பாக்ஸ் வேறு.
"தெரியும். எண்பத்தொன்றில் அவன் உடைத்தான்.
காயலான் கடையிலிருந்து என் தம்பி கொண்டுவந்து மாட்டினான் இதை.
மூன்றாவது கியரில் கொஞ்சம் முனகும்.
ஒருநாளும் மக்கர் செய்ததில்லை."

படிவத்தில் எழுதினேன்: பொருந்தவில்லை.

அந்த வருடத்துக்கு உரியதைத் தேடி வாங்க
முப்பத்தோராயிரம் யூரோ.
எங்கள் கட்டணம் ஒன்பதாயிரம்,
தோலுறை போட்ட கோப்பும் அதில் சேர்த்தி.
மாவு பில்லின் முதுகில் கூட்டிப் பார்த்தாள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள்.

"கார் நன்றாக ஓடும் என்று சொல்லுமா உங்கள் சான்றிதழ்?"
சொல்லாது.
"யார் யார் ஓட்டினார்கள் என்று?"
சொல்லாது.
"பின்னே?"
இந்த வாசலைத் தாண்டிப் போன அன்று எப்படி இருந்ததோ
அப்படியே இருக்கிறது என்று சொல்லும்.
சிரித்தாள்.
சிரித்து முடிக்குமுன்பே கையெழுத்தும் போட்டாள்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
பதிவேட்டில் எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கம்
நீல மையில் ஏழு.
பூதக்கண்ணாடியின் கீழே, நீலத்துக்கு அடியில்,
கறுப்பாய் ஒரு ஒன்று.
எழுதியவர் அதெல்மோ, அந்நாளைய பண்டகக் காப்பாளர்.
அவரை நான் பார்த்ததில்லை, கையை மட்டும் தெரியும்:
திங்கட்கிழமைகளில் எறும்பு வரிசை,
வெள்ளி மாலைகளில் ஒன்றும் ஏழும்
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து வீடு திரும்பும்.
பிழையைத் திருத்தினாரா,
திருத்துகிறேன் என்று பிழை செய்தாரா?
எஞ்சினில் இருப்பது ஏழு.
பொருந்துகிறது என்று முத்திரை குத்தினேன்.
பதிவேட்டுக்குச் சான்றிதழ் தர ஆள் இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இந்தக் கூடத்தில் உலை வைப்பதே ஏட்டை நம்பித்தான்,
என் வீட்டு உலையும் சேர்த்து.

பிரயோசனம் உண்டா என்று கேட்டால், உண்டு.
எல்லாம் போக அவள் கையில் மிஞ்சியது
பத்தொன்பதாயிரம்.
இதில் பாதி விலை பெறாத வண்டி என்றால்
திரும்பிப் போங்கள் என்றிருப்பேன்,
அதுவும் வெளியே, காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில்,
குரலைத் தாழ்த்தி.

கழற்றியதை உரிமையாளரிடமே ஒப்படைக்க வேண்டும்; விதி.
மரப்பெட்டியில் வைத்து, இரண்டு பேர் தூக்கி
அவளுடைய மாவு வேனில் ஏற்றினார்கள்.
மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்தாள்,
பெட்டியின் மேல் கொஞ்சம் மாவு விழுந்தது,
தட்டிவிடவில்லை.

பெட்டியில் கட்டிய சீட்டில்
'அசல் அல்ல', கீழே ஒரு எண்.
என் கையெழுத்துதான்.
வேன் திரும்பும்போது தூரத்திலிருந்து பார்த்தேன்,
நடு இலக்கம் ஒன்றா ஏழா என்று
எனக்கே பிடிபடவில்லை.

அன்றும் வெள்ளிக்கிழமை.